ஏழுமலை சைடிங்

பிரிண்டர் கடைசி வரியை அடித்து முடிப்பதற்குள் எங்கள் ஊர்க்காரன் மணி, கம்பெனியில் கூட வேலை செய்பவன், என் பின்னால் வந்து நின்றுவிட்டான். தாளைக் கிழித்துக் கொடுக்கும்வரை அவனுக்குப் பொறுமை இருந்ததில்லை. கழுத்தை நீட்டி எழுத்துக் கூட்டிப் படித்தான்.

"கிளாரா, இதுல ஏழுமலைன்னு போட்டு கீதே. நம்ம பிள்ளைப்பாக்கம் ஏழுமலை அண்ணனா?"

"ஆமா. சும்மா வெச்ச பேரு. ஏன்?"

"ஒண்ணுமில்ல. அவரு நாளைக்கு நெலத்த வித்துடறாரு. காலைல பத்து மணிக்கு ரிஜிஸ்தர். நம்ம ஊருக்கு ரயிலு வரப்போவுதாம், சர்க்கார் எடுத்துக்கறதுக்குள்ள வித்துடுன்னு தரகரு சொல்லிட்டாராம். லிஸ்ட்டுல அண்ணன் பேரு வந்துட்ச்சாம்."

"எந்த லிஸ்ட்டுல?"

 மணி என் கையில் இருந்த தாளையே பார்த்தான். பச்சைக் கோடு போட்ட அகலத் தாள், இரண்டு ஓரத்திலும் வரிசையாக ஓட்டை. எங்கள் வட்டாரத்தில் அப்படிப்பட்ட தாளை அச்சடிக்கிற இடம் எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான். 

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் மூன்று மணி இருக்கும். கம்பெனிக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டகையில் ஆறு பேர் தங்கள் பொம்மை ரயிலைக் கிளப்பச் சீட்டுக்காகக் காத்திருந்தார்கள். நான் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு மரம் மாதிரி நின்றேன்.

பயந்தாங்கொள்ளி

போன வாரம் இந்தத் தொடரில் டைப்ரைட்டிங் பரீட்சையில் நான் கை நடுங்கித் தோற்ற கதையைப் படித்துவிட்டு, "இவ்வளவு பயப்படுகிற நீங்கள் எப்படி வேலைக்குப் போனீர்கள்?" என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். பயந்துகொண்டேதான் போனேன், அம்மா. பஸ் வருமா என்று பயம். வந்தால் நிறுத்துவானா என்று பயம். நிறுத்தினால் ஏறிவிட்டோமே, இறங்குகிற இடத்தில் கூப்பிட்டுச் சொல்ல வேண்டுமே என்று பயம்.

பிள்ளைப்பாக்கத்தில் எங்களுடையது மாதா கோயில் தெருவில் இருந்த ஏழெட்டுக் கிறிஸ்தவக் குடும்பங்களில் ஒன்று. என் அம்மா எதற்கெடுத்தாலும் மாதாவிடம் நேர்ந்துகொள்வாள். நான் நேர்ந்துகொண்ட பிறகும் கவலைப்படுவேன். அந்த அளவுக்கு அவளை மிஞ்சியவள்.

எனக்கு வேலை கிடைத்தது ஸ்ரீபெரும்புதூர் பக்கம் புதிதாக வந்திருந்த ஒரு சிறிய கம்பெனியில். சிக்னல் பெட்டிகளுக்கான உதிரிப் பாகங்கள் செய்வார்கள். நான் டைப்பிஸ்ட். ஆறு மாதம் தற்காலிகம், பிறகு பார்க்கலாம் என்று சொல்லியிருந்தார்கள். அந்த 'பார்க்கலாம்' என்ற வார்த்தையை நினைத்தால் எனக்குச் சோறு இறங்காது.

வராத ரயில்

முதலாளி பெயர் வரதன் சார். நாற்பது வயதுக்காரர், அதிகம் பேசமாட்டார். வெளிநாட்டில் பயிற்சிக்குப் போயிருந்தபோது ஒரு பெட்டி நிறைய பொம்மை ரயில்களை வாங்கி வந்திருந்தார். பொம்மை என்று சொன்னால் அவருக்குக் கோபம் வரும். "மாடல்" என்று திருத்துவார்.

எங்கள் பக்கத்துக்கு ரயில் கிடையாது. செங்கல்பட்டு போனால் உண்டு, திருவள்ளூர் போனால் உண்டு. நடுவில் நாங்கள் பஸ்ஸை நம்பித்தான் இருந்தோம். சார் அந்தக் குறையைக் கொட்டகைக்குள் தீர்த்தார். சுவரை ஒட்டி இடுப்புயர மேசைகள் போட்டு, அதன்மேல் தண்டவாளம் பதித்து, ஸ்ரீபெரும்புதூரில் கிளம்பி பிள்ளைப்பாக்கம், வல்லம், ஒரகடம், சேரப்பணஞ்சேரி வழியாகப் படப்பை போகிற ஒரு பாதையைப் போட்டுவிட்டார். ஒவ்வொரு ஊருக்கும் ஒரு ஸ்டேஷன், தீப்பெட்டி அளவில். சாயம் போட்ட மரத்தூள்தான் வயல்.

வண்டியைச் சும்மா சுற்றி ஓட விட்டு வேடிக்கை பார்ப்பது அவருக்குப் பிடிக்காது. நிஜ ரயில்வே மாதிரி வேலை நடக்க வேண்டும். கூட்ஸ் வண்டி வல்லத்துக்குப் போனால் அங்கே எந்த வேகனைக் கழற்ற வேண்டும், எதைக் கோர்க்க வேண்டும், எதிரே வருகிற பாசஞ்சருக்கு எங்கே ஒதுங்க வேண்டும், எல்லாம் முறைப்படி. பிரதானப் பாதையிலிருந்து பிரிந்து வேகனை நிறுத்துகிற கிளைத் தண்டவாளத்துக்கு சைடிங் என்று பெயர். ஞாயிறுதோறும் கம்பெனி ஆட்களில் விருப்பப்பட்டவர்கள் வருவார்கள். ஒருவர் டிரைவர், ஒருவர் கார்டு, மற்றவர்கள் ஸ்டேஷன் மாஸ்டர்கள். இதை 'ஓட்டம்' என்போம். டீயும் பட்டர் பிஸ்கட்டும் உண்டு.

யார் எந்த வேகனை எங்கே கொண்டுபோய் விடுவது என்று முதலில் சாரே சனிக்கிழமை முழுக்க உட்கார்ந்து அட்டைகளில் எழுதிக்கொண்டிருந்தார். முப்பத்திரண்டு வேகன். எழுதி முடிப்பதற்குள் அவருக்கே குழம்பிவிடும். ஒருநாள் ஒரு சின்ன கம்ப்யூட்டரை வாங்கிக்கொண்டு வந்தார். டைப்ரைட்டரில் பாதிகூட இருக்காது. டி.வி.யில் கோர்த்தால் எழுத்து தெரியும். என்னைக் கூப்பிட்டு ஒரு புத்தகத்தைக் கொடுத்தார்.

"உனக்கு டைப்பிங் தெரியும். இதையும் கத்துக்கோ. எனக்கு அட்டை எழுதற வேலை போகணும்."

பேர் வைத்தது நான்தான்

மூன்று மாதம் மதியச் சாப்பாட்டு நேரத்தை அதிலேயே கழித்தேன். பயந்தாங்கொள்ளிகளுக்கு ஏற்ற வேலை அது. ஏதாவது தப்பாகுமோ என்று யோசித்துக்கொண்டே இருப்பவர்கள்தான் புரோகிராம் எழுத முடியும்.

அது செய்தது இவ்வளவுதான். எந்த வேகன் எங்கே நிற்கிறது என்று கேட்கும். சொன்னால், குலுக்கல் போட்ட மாதிரி சில சைடிங்குகளை விட்டுவிட்டு, மற்ற ஒவ்வொன்றுக்கும் ஏதோ ஒரு வேகன் எண்ணைத் தேர்ந்தெடுத்து, ஊர், சைடிங், வேகன் எண் என்று வரிசையாக அச்சடிக்கும். அந்தச் சீட்டைப் பார்த்து கார்டு வேலை செய்வார்.

முதல் வாரம் எண்ணெய் டாங்கியை அரிசி மில்லுக்கு அனுப்பியது. இரண்டாம் வாரம் இரண்டு வேகன் நிற்கிற இடத்துக்கு ஐந்தை அனுப்பி, மணியின் வண்டி பிள்ளைப்பாக்கத்திலேயே அரை மணி நேரம் மாட்டிக்கொண்டது. "இன்னா கிளாரா, நம்ம ஊர்க்காரனையே கவுத்துட்டியே" என்றான். ஒவ்வொன்றாகச் சரிசெய்தேன். நாலாவது மாதம் சார் சீட்டைப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். அன்று மட்டும் நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

சைடிங்குகளுக்கு சார் ஒன்று, இரண்டு என்று எண்தான் கொடுத்திருந்தார். எனக்கு அது சப்பென்று இருந்தது. கண்ணில் பட்டவர்கள் பெயரையெல்லாம் எடுத்து வைத்தேன். பிள்ளைப்பாக்கத்துக்கு ஏழுமலை அண்ணன் பெயர்.

ஏழுமலை அண்ணன் எங்கள் பின்வீடு. ஏரிக் கால்வாயை ஒட்டி ஒன்றே முக்கால் ஏக்கர் வைத்திருந்தார். அவருக்கு உலகத்தில் இருந்தது அதுதான். கடலை, ஒருபோகம் நெல். நிலம் போனால் அவரும் ஜகதா அண்ணியும் மூன்று பெண்களும் அடுத்தவன் வயலில் கூலிக்கு இறங்க வேண்டும். கடலை பிடுங்குகிற சமயத்தில் நான் பஸ்ஸுக்கு ஓடும்போது கூப்பிட்டு, துப்பட்டா முனையில் ஒரு கை பச்சைக் கடலையைக் கொட்டி அனுப்புவார். அந்தப் பிரியத்தில் அவருக்கு ஒரு சைடிங் கொடுத்தேன். அவரிடம் சொல்லவில்லை. சாரிடமும் சொல்லவில்லை.

டீக்கடை வரை போன தாள்

ஓட்டம் முடிந்ததும் சீட்டுகள் குப்பை. நான் அவற்றை வீட்டுக்குக் கொண்டுபோவேன், பின்பக்கம் எழுதிப் பழக. அம்மா அதில் ஒரு கட்டை எடுத்து டீக்கடைக்கு வடை மடிக்கக் கொடுத்திருக்கிறாள். நல்ல கெட்டித் தாள், எண்ணெய் குடிக்காது என்று அவளுக்குப் பெருமை வேறு.

வடையோடு போன தாள் தரகர் சம்பந்தத்தின் கைக்குப் போயிருக்கிறது. எங்கள் பக்கம் அப்போதே கம்பெனி வருகிறது, கம்பெனி வருகிறது என்று நிலம் பார்க்க ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். சம்பந்தத்துக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியும். மேலே ரயில்வே என்று கொட்டை எழுத்து. கீழே பிள்ளைப்பாக்கம், ஏழுமலை, பதினான்கு. அந்த ஆள் தெரிந்து ஏமாற்றினாரா, அவரே நம்பினாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

"வரிசையா எடுக்கறாங்க. பதிமூணு பேருக்கு அப்பால நீ பதினாலாவது ஆளு" என்று ஏழுமலை அண்ணனிடம் சொல்லியிருக்கிறார். "சர்க்கார் எடுத்துக்கினா எப்ப துட்டு வரும்னு யாருக்குத் தெரியும்? எங்கிட்ட ஆளு கீறான். வந்த வெலைக்குக் குட்த்துடு."

இவ்வளவையும் மணியிடம் துருவித் துருவிக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். மேசைமேல் சாரின் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. நிஜத்தில் பத்து நிமிடம் ஆனால் அதில் ஒரு மணி ஆகும். ஓட்டத்துக்காகவே அப்படி மாற்றி வைத்த கடிகாரம். அதைப் பார்க்கப் பார்க்க நாளைக் காலை பத்து மணி ஓடி வருவது போலிருந்தது.

சாரிடம் போய்ச் சொன்னேன். அவர் எஞ்சினைக் கையில் வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஊர்க்காரங்க பேரையா போட்ட? எங்கிட்ட ஏன் சொல்லல?"

"தப்பு சார்."

 "கம்பெனிதான் ஆள் வெச்சு நிலம் பிடிக்குதுன்னு பேச்சு வந்தா, நாளைக்கு கேட்டுக்கு வெளியில கூட்டம் நிக்கும். தெரியுதா?" என்றார். பிறகு கொட்டகைச் சாவியை எடுத்து மேசைமேல் வைத்தார். "நான் காலையில மெட்ராஸ் போறேன். என்ன செய்யணுமோ செய். புதன்கிழமை உன் வேலை பத்திப் பேசலாம்."

பேசலாம். பார்க்கலாம் என்பதற்கு அண்ணன்.

கடலைக்கா இப்படி?

மணியின் சைக்கிள் கேரியரில் உட்கார்ந்து ஊருக்கு வந்தேன். ஏழுமலை அண்ணன் வீட்டு வாசலில் மாட்டுக்குத் தவிடு கலக்கிக்கொண்டிருந்தார். கயிற்றுக் கட்டிலில் தரகர் சம்பந்தம் உட்கார்ந்து சொம்புத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்.

"வாம்மா கிளாரா. இன்னா, மூஞ்சி வெளுத்துக்கினு வர?"

"அண்ணே, நெலத்த விக்காதீங்க. அந்த லிஸ்ட் நான் போட்டது."

சம்பந்தம் சொம்பை இறக்கி வைத்தார். "நீ போட்டியா? நீ இன்னா கலெக்டரா?"

சட்டைப் பையிலிருந்து தாளை எடுத்துப் பிரித்தார். வடை எண்ணெய் படிந்து ஒரு மூலை கண்ணாடியாக இருந்தது. என் தாள்தான். என் எழுத்துப்பிழைகூட அப்படியே இருந்தது.

"அது கம்பெனில ஒரு விளையாட்டு ரயிலுண்ணே. இத்தினூண்டு. மேசமேல ஓடும். அதுக்கு நான்தான் பேரு வெச்சேன்."

"அதுல என் பேரை நீ ஏம்மா வெக்கப் போற?" என்றார் ஏழுமலை அண்ணன். கோபமில்லை. நிஜமாகவே புரியாமல் கேட்டார்.

"நீங்க கடலை குடுப்பீங்கல்ல, அதுக்கு."

சொல்லும்போதே எனக்கு அது பைத்தியக்காரத்தனமாகக் கேட்டது. ஜகதா அண்ணி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்து, "கடலை குட்த்ததுக்கா நெலத்த லிஸ்ட்டுல போட்ட?" என்றாள்.

சம்பந்தம் சிரித்தார். "ஏழுமல, இது புரியலயா உனக்கு? பொண்ணு ஆபீஸ் ரகசியத்த வெளிய வுட்டுட்சு. உத்தியோகம் பூடும்னு பயந்துகினு இப்ப விளையாட்டுன்னு சொல்லுது. கைய பாரு, எப்படி ஆடுதுன்னு."

என் கை ஆடிக்கொண்டுதான் இருந்தது. உத்தியோகம் போய்விடும் என்று பயந்ததும் உண்மைதான். மாதாவே, நான் என்னத்தைச் சொல்லி நம்ப வைப்பேன்? உண்மையைச் சொல்லும்போது பொய் சொல்கிறவள் மாதிரியே நடுங்குகிற உடம்பை வைத்துக்கொண்டு நான் பட்ட பாடு கொஞ்சமில்லை.

"அது மிஷின் போட்டதும்மா" என்றார் ஏழுமலை அண்ணன், எனக்குச் சமாதானம் சொல்வது போல. "மனுசன் எழுதினா சொந்தக்காரன் வேண்டாதவன்னு பாத்து எழுதுவான். மிஷினுக்கு இன்னா தெரியும்? உள்ளதத்தான் போடும்."

"நான் சொல்றததான் அது போடும்ணே. காலைல வாங்க, உங்க கண்ணு முன்னால போட்டுக் காட்றேன். ரிஜிஸ்தர் ஆபீசுக்குப் போற வழிதான."

அவர் தரகரைப் பார்த்தார். தரகர் தலையை ஆட்டி மறுத்தார். ஜகதா அண்ணிதான் முடிவு சொன்னாள். "போய்ப் பாத்துட்டே போயேன். வழிதான கீது. நெலம் வித்தா வித்ததுதான், அப்பால பாக்க முடியாது."

எட்டு மணி, ஒன்பது மணி

திங்கட்கிழமை எட்டே காலுக்கு வந்துவிட்டார். சலவை வேட்டி, மஞ்சள் பையில் பத்திரங்கள். பின்னால் தன் மொபெட்டைத் தள்ளிக்கொண்டு சம்பந்தம். நான் ஏழு மணியிலிருந்தே கொட்டகையில் இருந்தேன்.

சுவிட்சைப் போட்டேன். கரண்ட் இல்லை.

அந்தக் காலத்தில் எங்கள் பக்கம் கரண்ட் போனால் எப்போது வரும் என்று மின்சாரக்காரருக்கே தெரியாது. கொட்டகைக்குள் வெளிச்சம் குறைவு. மேசைமேல் ரயில்கள் நின்ற இடத்தில் நின்றன. ஏழுமலை அண்ணன் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். தொடவில்லை. பிள்ளைப்பாக்கம் எது என்று காட்டினேன்.

"இதாம்மா நம்ம நெலம்?"

"ஆமாண்ணே."

"கால்வா எங்க?"

கால்வாய் போட சார் மறந்திருந்தார். "கால்வா இல்லாம கடலை எப்படி வெளையும்?" என்று கேட்டார். 

"பொம்மையக் காட்டி டயத்த கழிக்குது" என்றார் சம்பந்தம். "நிஜத்துல போடறதுக்கு முன்னால இப்படித்தான் சின்னதா செஞ்சு பாப்பாங்க. அணை கட்டறவங்க செய்யல?"

 அந்த ஆளுக்கு வாய் மட்டும் இருந்தது என்று நினைத்திருந்தேன், மூளையும் இருந்தது.

ஒன்பதுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது கரண்ட் வந்தது. புரோகிராம் கேசட்டில் இருந்தது. பாட்டுக் கேட்கிற அதே கேசட், அதே டேப்ரெக்கார்டர். போட்டுவிட்டால் ஐந்து நிமிடம் கிரீச்சென்று கத்தும், பிறகு கம்ப்யூட்டருக்குள் ஏறியிருக்கும். நான்கரை நிமிடம் கத்திவிட்டு, பிழை என்று திரையில் காட்டி நின்றது. மறுபடி சுற்றி, சத்தத்தைக் குறைத்துப் போட்டேன். மறுபடியும் பிழை.  சின்ன ஸ்க்ரூ டிரைவரால் டேப் தொடுகிற இடத்து முனையைக் கால் சுற்றுத் திருகினேன். சில சமயம் அதில் சரியாகும். சில சமயம் இருப்பதும் கெட்டுப்போகும்.

"மணி ஒம்போதே கால். ஏழுமல, அந்தப் பார்ட்டி அங்க காத்துக்கினு கீறான்" என்றார் சம்பந்தம்.

ஏழுமலை அண்ணன் மஞ்சள் பையை அக்குளில் இடுக்கிக்கொண்டு எழுந்தார். "கத்தி முடியட்டும். முடிஞ்சதும் போயிடலாம்" என்று நின்றுகொண்டே இருந்தார். அருள்நிறை மரியே ஜெபம் சொல்லிக்கொண்டே கேசட்டைப் போட்டேன். எத்தனை சொன்னேனோ. மூன்றாவது தடவை ஏறிவிட்டது.

அதே பதினான்கு

"பாருங்கண்ணே, ஒவ்வொரு தபா போடும்போதும் வேற வேற நம்பரு வரும். வரிசையும் இல்ல ஒண்ணும் இல்ல. குலுக்கல் மாதிரி."

பட்டனை அழுத்தினேன். பிரிண்டர் கரகரவென்று அடித்தது. தாள் மேலே ஏறி வந்தது. பிள்ளைப்பாக்கம், ஏழுமலை, பதினான்கு.

சம்பந்தம் தன் பையிலிருந்த எண்ணெய்த் தாளை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். ஒரு புள்ளி மாறவில்லை.

 காரணம் எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. அந்த மாதிரி கம்ப்யூட்டரை அணைத்துவிட்டுப் புதிதாகப் போட்டால், அதன் குலுக்கல் எப்போதும் ஒரே இடத்திலிருந்துதான் தொடங்கும். அதை மாற்ற ஒரே ஒரு வரி எழுதியிருக்க வேண்டும். நான் எழுதவில்லை. ஞாயிறுதோறும் வேகன்கள் வேறு வேறு இடத்தில் நிற்பதால் யார் கண்ணிலும் அது சரியாகப் படவில்லை. அன்று அவசரத்தில் நான் எதையும் மாற்றாமல், கேசட்டில் பதித்திருந்த நிலைகளை வைத்தே போட்டுவிட்டேன்; தரகரிடம் இருந்ததும் அதே நிலைகளில் அடித்த ஒரு பழைய தாள்தான்.

"இன்னாம்மா, மாறும்னு சொன்ன" என்றார் ஏழுமலை அண்ணன். குரல் இறங்கிப்போயிருந்தது. அவரும் உள்ளூர நான் சொல்வது நிஜமாக இருக்காதா என்றுதான் வந்திருக்கிறார். அது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"இன்னொரு தபா. ஒரே ஒரு தபா."

அழுத்தினேன். பிள்ளைப்பாக்கம், ஏழுமலை, இருபத்தேழு.

இன்னொரு தடவை அழுத்தினேன். ஏழுமலை பெயரே வரவில்லை. வல்லத்துக்கும் ஒரகடத்துக்கும் வந்தது, பிள்ளைப்பாக்கத்தை விட்டுவிட்டது.

"இதுல நம்ம பேரு இல்லயா?" என்று கேட்டார். கொஞ்சம் ஏமாற்றம்கூட இருந்தது.

"கோளாறு மிஷின். முதல்ல வந்ததுதான் சரி" என்றார் சம்பந்தம்.

எனக்கு எங்கிருந்தோ ஒரு ஆத்திரம் வந்தது. பயத்தின் அடியில் அப்படி ஒன்று கிடக்கும் போலிருக்கிறது. "அண்ணே, உங்க மாட்டு பேரு இன்னா?"

"லட்சுமி."

ஏழுமலை என்று இருந்ததை அழித்து லட்சுமி என்று அடித்தேன். அழுத்தினேன். பிரிண்டர் எந்த வெட்கமும் இல்லாமல் அடித்தது. அந்தப் பெயரை நான் எழுத்தெழுத்தாக விரல் வைத்துக் காட்டினேன். பிள்ளைப்பாக்கம், லட்சுமி, ஒன்பது.

ஏழுமலை அண்ணன் தாளை வாங்கிப் பார்த்தார். அவருக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் முன்னால் இருந்த தாளில் தன் பெயர் எப்படி இருந்தது என்று மனப்பாடம் ஆகியிருந்தது. இது அது இல்லை என்று தெரிந்தது. மெதுவாகச் சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார்.

"மாட்டுக்குக் கூடப் பட்டா குட்த்துடுச்சே, சம்பந்தம். நீ போயி அந்தப் பார்ட்டிகிட்ட லட்சுமிய ரிஜிஸ்தர் பண்ணிக்கச் சொல்லு."

 சம்பந்தத்தின் மொபெட் கிளம்பிப் போகிற சத்தம் கேட்டது. நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். அழுதேன் என்றுதான் நினைக்கிறேன். ஏழுமலை அண்ணன் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, "அழுவாத. ஒண்ணும் ஆவல" என்றார்.

அப்போது நான் அவருக்கு ஒன்று சொன்னேன். மூக்கை உறிஞ்சிக்கொண்டே, வேகவேகமாகச் சொன்னேன். இனிமேல் அவர் பயப்படவே கூடாது என்ற ஒரே எண்ணம்தான் எனக்கு.

"அண்ணே, இனிமே எந்தப் பேப்பர்ல உங்க பேரு வந்தாலும் பயப்படாதீங்க. பேப்பர்ல எத வேணா அடிக்கலாம். யாரு சொன்னாலும் நம்பாதீங்க."

"சரிம்மா" என்றார்.

ஸ்டேஷன் மாஸ்டர்

புதன்கிழமை சார் என் வேலையைப் பற்றிப் பேசவில்லை. அடுத்த மாதம் நிரந்தரம் ஆக்கினார். சைடிங்குகளுக்கெல்லாம் பழையபடி எண் போட்டேன். மேசையில் கால்வாயை மட்டும் நீலச் சாயத்தில் வரைந்து சேர்த்தேன்.

ஊர் சும்மா விடுமா? டீக்கடையில் ஏழுமலை அண்ணனுக்கு ஸ்டேஷன் மாஸ்டர் என்று பெயர் வந்துவிட்டது. "மாஸ்டர், படப்பை வண்டி லேட்டா?" என்று பையன்கள் கேட்பார்கள். முதலில் அவரும் சேர்ந்து சிரித்தார். ஒருமுறை யாரோ சிகரெட் அட்டையில் நோட்டீஸ் மாதிரி எழுதி அவர் வீட்டு வாசலில் ஒட்டிவிட்டுப் போனார்கள், ரயில்வே நிலம் எடுக்கிறது என்று. அதற்கும் சிரித்தார். ஆனால் ஜகதா அண்ணி என் அம்மாவிடம் சொல்லியிருக்கிறாள், "ஊரு முன்னால ஏமாந்த மாதிரி ஆயிட்சேன்னு அவருக்கு மனசுல கீது" என்று.

நான் கல்யாணம் ஆகி மெட்ராஸ் போனேன். நாலைந்து வருஷம் ஓடியிருக்கும். ஒரு கிறிஸ்துமஸுக்கு ஊருக்கு வந்திருந்தபோது, காலையில் ஏழுமலை அண்ணன் பின்பக்கமாக வந்து குரல் கொடுத்தார். தலை நரைத்திருந்தது. கையில் மடித்த தாள் ஒன்று. முகமெல்லாம் சிரிப்பு.

"இன்னாம்மா, மெட்ராஸ் போயும் வுட மாட்டியா? மறுபடி ஆரம்பிச்சிட்டியா?"

வாங்கிப் பிரித்தேன். தமிழில் அச்சடித்த தாள். தொழிற்பேட்டைக்காக நிலம் எடுப்பது பற்றியது. அவர் பெயர். அவர் அப்பா பெயர். சர்வே எண், ஏக்கர், சென்ட், தெற்கே கால்வாய் என்று எல்லையோடு. அடியில் ஒரு முத்திரை. என் புரோகிராமுக்கு அவர் அப்பா பெயர் தெரியாது.

ஆட்சேபம் இருந்தால் முப்பது நாளைக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும் என்று போட்டிருந்தது. தேதியைப் பார்த்தேன். இன்னொரு தடவை பார்த்தேன்.

"இது எப்பண்ணே வந்தது?"

"அது ஆச்சு, ரெண்டரை மாசம். தலையாரி கொணாந்தான். கையெழுத்து கேட்டான், போட்டேன். பக்கத்து நெலத்துக்காரனுங்கல்லாம் பதறிக்கினு மனு எழுதினு ஓடினானுங்க. என்னையும் கூப்டானுங்க. நான் போவல. ஒரு தபா ஏமாந்தவன் மறுபடி ஏமாறுவனா? எந்தப் பேப்பர்ல பேரு வந்தாலும் நம்பாதன்னு நம்ம கிளாரா சொல்லிக் குட்த்துட்டுப் போயிருக்குதுன்னு சொல்லிட்டேன்."

நான் சிரிப்பேன் என்று எதிர்பார்த்து நின்றார்.

"அண்ணே, இது நான் போட்டதில்ல" என்றேன்.

அவர் சிரித்துக்கொண்டேதான் இருந்தார். நான் இரண்டாவது தடவை சொன்ன பிறகுதான் நிறுத்தினார்.